மாவுச்சத்தைக் குறைத்த பிறகு சுகர் அளவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு டைப் 2 நீரிழிவு. சோறு, ரொட்டி, கிழங்கு, இனிப்பு எல்லாவற்றையும் வெகுவாகக் குறைத்துச் சாப்பிட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. முதல் இரண்டு மாதம் மீட்டரில் வந்த எண்களைப் பார்த்து நான் பட்ட குழப்பத்தைத்தான் இப்போது புதிதாக ஆரம்பிக்கிறவர்களும் படுகிறார்கள். அதே கேள்விகள், அதே பயம். அவற்றைக் கேட்கிற விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களைப் பார்க்கிற மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் இருக்கின்றன. உங்கள் மீட்டர் 5.6, 7.8 என்று காட்டினால் அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளையிலிருந்தே மாவுச்சத்தைக் குறைத்துவிடலாமா?

இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற பதில்களை அப்புறம் படித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

இன்சுலின் போடுகிறீர்கள், அல்லது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால், அந்த மருந்தின் அளவு நீங்கள் இதுவரை சாப்பிட்ட உணவை வைத்து முடிவு செய்யப்பட்டது. தட்டில் மாவுச்சத்து பாதியாகி, மருந்து மட்டும் முழுதாக உள்ளே போனால் சுகர் தடாலென்று இறங்கும். அது முதல் நாளே நடக்கலாம். ஆகவே உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, அளவை எப்படிக் குறைப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். "மாற்றிப் பார்த்துவிட்டு அடுத்த தடவை போகும்போது சொல்லலாம்" என்று இருக்காதீர்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளுக்கு வேறு எச்சரிக்கை உண்டு. இவை சுகரைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இவற்றோடு மாவுச்சத்தையும் மிகக் குறைத்தால், சுகர் அதிகம் ஏறாமலேயே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மீட்டரில் 160 என்று இருக்கும், ஆளோ வாந்தி எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பார். எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவதுதான் இதில் உள்ள அபாயம்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வருவது அரிது. டைப் 1 உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மாவுச்சத்து குறைவு என்றால் எத்தனை கிராம்?

பொதுவாக நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தால் குறைவு என்பார்கள். 20 முதல் 50 கிராம் வரை என்றால் மிகக் குறைவு. கீட்டோ என்று சொல்வது அதைத்தான். கீழே வரும் விசித்திரங்களில் பாதி, 50 கிராமுக்குக் கீழே போகிறவர்களுக்கே அதிகம் நடக்கும். 120 கிராமில் இருப்பவர் தனக்கும் அப்படி ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எந்த எண் வந்தால் நல்லது?

நீரிழிவு இல்லாதவருக்கு வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருக்கும். 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. லேப் பரிசோதனையில் 126ம் அதற்கு மேலும் வந்து, மறு பரிசோதனையிலும் அது உறுதியானால் நீரிழிவு. ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்லும் பொதுவான இலக்கு: சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130; சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180க்குக் கீழே. வயதானவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் வருகிறவர்களுக்கும் மருத்துவர்கள் இதைத் தளர்த்துவார்கள். அது சரியான தளர்வுதான். பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கை எடுத்து உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

எப்போது எடுப்பது? காலையில் ஒரு தடவை எடுத்தால் போதாதா?

போதாது. காலையில் மட்டும் எடுப்பவருக்கு, தன் உணவைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்லாது. அது இரவு முழுக்கக் கல்லீரல் செய்த வேலையின் கணக்கு. நேற்று மதியம் சாப்பிட்டது என்ன செய்தது என்று அதில் தெரியாது.

ஜோடியாக எடுங்கள். சாப்பிட உட்காரும் முன் ஒன்று. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. முடித்து எழுந்த நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டைப் பற்றிய செய்தி. முன்னால் 112, பின்னால் 131 என்றால் 19 ஏறியிருக்கிறது. அந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துப்போகிறது. முன்னால் 98, பின்னால் 171 என்றால், 171 இலக்குக்குள் இருந்தாலும் 73 ஏற்றிய ஏதோ ஒன்று தட்டில் இருந்திருக்கிறது. நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை 30. அது என் கணக்கு, விதி அல்ல.

இந்த முறைக்கு நாம் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பொறியாளர், சிறுவயதிலிருந்தே டைப் 1 இருந்தவர். 1969இல், மீட்டர்கள் மருத்துவமனைகளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டுமே கிடைத்த காலத்தில், மருத்துவரான தன் மனைவி மூலமாக ஒன்றை வாங்கினார். ஒரு நாளில் பல தடவை சுகர் எடுத்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது என்று தன் உடம்பிலேயே கண்டுபிடித்து, மாவுச்சத்தைக் குறைத்தார். பிறகு நாற்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து மருத்துவரானார். இன்று நாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கிற வசதியை அவர் அவ்வளவு பாடுபட்டுப் பெற வேண்டியிருந்தது.

சாப்பாட்டுக்குப் பின் 120தான் வருகிறது. காலையில் வெறும் வயிற்றில் 128. தூக்கத்திலா சாப்பிட்டேன்?

மாவுச்சத்தைக் குறைத்தவர்களை அதிகமாகக் கலங்கடிக்கும் எண் இதுதான். பலர் இதைப் பார்த்துத்தான் "இந்த உணவு எனக்கு ஆகவில்லை" என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்கின்றன.

முதலாவது எல்லோருக்கும் உள்ளது. விடியற்காலையில், சுமாராக 3 மணியிலிருந்து 8 மணிக்குள், உடம்பு விழிப்பதற்குத் தயாராகிறது. கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை உயர்கின்றன. கல்லீரல் தன்னிடம் உள்ள குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது. நீரிழிவு இல்லாதவருக்குக் கணையம் அந்த நேரத்தில் கொஞ்சம் இன்சுலின் கூடுதலாகச் சுரந்து சமன் செய்துவிடும். நமக்கு அந்தச் சமன் சரியாக நடப்பதில்லை. வைகறை விளைவு என்று இதைச் சொல்லலாம். இரவு 11 மணிக்கு 104, விடிகாலை 3 மணிக்கு 101, 6 மணிக்கு 127 என்று என் நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நடுவில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

இரண்டாவது, மாவுச்சத்தை மிகக் குறைத்தவர்களுக்கே உரியது. குளுக்கோஸ் வரத்து குறைந்ததும் தசைகள் கொழுப்பை எரிக்கப் பழகிக்கொள்கின்றன. கொழுப்பை எரிக்கும் தசை குளுக்கோஸை உள்ளே எடுத்துக்கொள்ளத் தயங்கும். இந்தப் போட்டியை பிலிப் ராண்டில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1963இல் விளக்கினார்கள். தசை வேண்டாம் என்று விட்ட குளுக்கோஸ் மூளைக்கும், குளுக்கோஸ் இல்லாமல் வாழவே முடியாத சிவப்பணுக்களுக்கும் மீதமாகிறது. இது வீட்டில் அரிசி குறைவாக இருக்கும்போது பெரியவர்கள் தங்கள் பங்கைக் குழந்தைகளுக்கு விட்டுவைப்பது மாதிரி. ரத்தத்தில் கொஞ்சம் அதிகம் மிதக்கிறதே தவிர, அங்கே குவியவில்லை.

சரி, அப்படியானால் காலை அளவு எவ்வளவு ஏறினாலும் கவலை இல்லையா? இங்கேதான் நான் பலரோடு முரண்படுகிறேன். எல்லா உயர்ந்த எண்ணையும் இந்த இரண்டு காரணத்தில் போட்டு மூடிவிடக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் எடுப்பவை தட்டையாக இருக்கின்றனவா, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையில் எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் காலை எண்ணுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். காலை எண் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகிறது, மற்ற நேரத்து எண்களும் கூடவே ஏறுகின்றன, எடை காரணமில்லாமல் குறைகிறது, தாகம் அதிகம் என்றால் அது வேறு கதை. கணையத்தில் இன்சுலின் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

அந்தக் காலை எண்ணைக் குறைக்க வழியே இல்லையா?

எனக்கு உதவியவை: இரவுச் சாப்பாட்டை சீக்கிரம் முடிப்பது, அதன் பிறகு பதினைந்து இருபது நிமிடம் நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது. மூன்று மணி நேரத் தூக்கத்துக்குப் பிறகு எடுத்த எந்த எண்ணும் எனக்கு நல்லதாக வந்ததே இல்லை. காலையில் பட்டினியை நீட்டினால் இறங்கும் என்று சிலர் காத்திருப்பார்கள். சிலருக்கு மேலும் ஏறும், கொஞ்சம் சாப்பிட்டதும் இறங்கும். உங்கள் உடம்பு எந்த வகை என்று இரண்டு நாள் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றிலும் கடைசியாகச் சீராவது காலை எண்தான். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

வெறும் முட்டையும் இறைச்சியும்தான் சாப்பிட்டேன். ஆனாலும் நாலு மணி நேரம் கழித்து ஏறியிருக்கிறது?

புரதத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் மெதுவாகக் குளுக்கோஸாக மாற்றக்கூடும். புரதம் இன்சுலினைத் தூண்டுகிறது, கூடவே அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககானையும் தூண்டுகிறது. இன்சுலின் நன்றாகச் சுரப்பவருக்கு இரண்டும் சரியாகப் போய்விடும். இன்சுலின் குறைவாக உள்ளவருக்கு, முக்கியமாக டைப் 1 உள்ளவருக்கு, மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்து மெல்ல ஏறும். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால் உச்சமும் தள்ளிப்போகும். எனவே கனமான, எண்ணெய் மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது மணி நேர எண் மட்டும் முழுக்கதையையும் சொல்லாது. ஒரு நாள் நாலாவது மணியிலும் எடுத்துப் பாருங்கள்.

இதற்காகப் புரதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். மாவுச்சத்து ஏற்றுகிற வேகத்தோடு ஒப்பிட்டால் இது தவழ்கிற வேகம்.

ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்தேன். 104, 117. மீட்டர் பழுதா?

இல்லை. சர்வதேசத் தர விதி, ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு, வீட்டு மீட்டர்களுக்கு அனுமதிக்கும் வித்தியாசம் இது: உண்மை அளவு 100க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் இப்படியோ அப்படியோ, 100ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதம். நூறில் தொண்ணூற்றைந்து முடிவுகள் இதற்குள் இருந்தால் போதும். உண்மையில் 110 உள்ளவருக்கு 104ம் வரலாம், 117ம் வரலாம், இரண்டும் நல்ல மீட்டரே. "நேற்று 108, இன்று 113, நேற்று இரவு என்ன தப்பாகச் சாப்பிட்டேன்" என்று துருவுவதில் பொருளே இல்லை. அந்த ஐந்து, மீட்டரின் ஐந்து.

ஆனால் கையில் உள்ள தவறு மீட்டர் தவறைவிடப் பெரியது. ஒரு நாள் மாலை, பேரப்பிள்ளைக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து விரலைக் குத்தினேன். 214. எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. மதியம் சாப்பிட்டது கீரையும் முட்டையும். விரல் நுனியை மூக்கருகே கொண்டுபோனேன், ஆரஞ்சு வாசம். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் எடுத்தேன். 107. தோலில் ஒட்டிய பழச்சாறு அவ்வளவு செய்யும். சானிடைசர் திரவத்தால் தேய்த்தால் பழச்சர்க்கரை முழுதாகப் போகாது, தண்ணீர்தான் வேண்டும். கழுவிய கையில் ஈரம் இருந்தாலும் தப்பு, ரத்தம் நீர்த்துக் குறைத்துக் காட்டும்.

ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைப்பது, வெயிலில் நின்ற வண்டிக்குள் விட்டுவைப்பது, காலாவதியானதைப் பயன்படுத்துவது எல்லாமே எண்ணைக் கெடுக்கும். ரத்தசோகை இருந்தால் சில மீட்டர்கள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும்.

லேப் 96 என்கிறது, வீட்டில் 110 வந்தது. எதை நம்புவது?

நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய லேப்தான். வீட்டு மீட்டர் தினசரிப் போக்கைப் பார்க்க. ஆனால் லேபுக்கும் ஒரு பலவீனம் உண்டு. குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். காலை எடுத்ததை மதியம் வரை அப்படியே வைத்திருந்தால் எண் இறங்கித்தான் வரும். மேலும் சாப்பிட்ட பிறகு விரல்நுனி ரத்தத்தில் சுகர், லேபில் சிரையிலிருந்து எடுப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஒப்பிட விரும்பினால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கும் அதே நிமிடத்தில் உங்கள் மீட்டரிலும் எடுங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். 230 ஏறிவிட்டது. முன்பைவிட மோசமாகிவிட்டேனா?

அநேகமாக இல்லை. மேலே சொன்ன அதே காரணம். கொழுப்பை எரித்துக்கொண்டிருந்த தசைகள் திடீரென்று வந்த குளுக்கோஸுக்குத் தயாராக இல்லை. இன்சுலின் முதல் வேகத்தில் சுரப்பதும் மந்தமாகியிருக்கும்.

இது புதிய விஷயமும் இல்லை. ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் 1940லேயே, மாவுச்சத்து குறைவாகச் சாப்பிட்டு வந்தவருக்குக் குளுக்கோஸ் சோதனை செய்தால் நீரிழிவு இல்லாதவருக்கும் இருப்பதுபோலக் காட்டும் என்று எழுதி, சோதனைக்கு முன் தயாரிப்பு உணவு தேவை என்றார். இன்றும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனைக்கு முன் மூன்று நாள், நாளுக்குக் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிடச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்தச் சோதனை எழுதியிருந்தால், நீங்கள் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். கேட்க மறந்துவிடுவார்கள். இல்லாத நோயோடு வீட்டுக்கு வர நேரிடும்.

82 காட்டுகிறது. ஆனால் கை நடுங்குகிறது, வேர்க்கிறது. இது லோ சுகரா?

மாதக்கணக்கில் 250இல் இருந்த உடம்புக்கு 90 என்பது பள்ளம் மாதிரி தெரியும். எண் சரியாக இருக்கும், அபாய மணி மட்டும் அடிக்கும். உடம்பு பழகியதும் அநேகருக்குச் சில வாரங்களில் நின்றுவிடும். மெதுவாகக் குறைத்தால் இது லேசாகக் கடந்துவிடும்.

உண்மையான லோ சுகர் 70க்குக் கீழே. 54க்குக் கீழே போனால் தீவிரம். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுக்கிறவர் 70க்குக் கீழே பார்த்தால் யோசிக்க ஒன்றுமில்லை: 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. "நான் லோ கார்ப், சர்க்கரை தொட மாட்டேன்" என்று அந்த நேரத்தில் பிடிவாதம் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் சர்க்கரை மருந்து. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அந்த மாத்திரைகளின் தாக்கம் மணிக்கணக்கில் நீடிக்கும் என்பதால் ஒருமுறை ஏறியதும் நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள்.

மது குடிப்பவர்கள் கவனிக்க: மது, கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதைத் தடுக்கும். மாவுச்சத்தும் குறைவு, இன்சுலினும் உள்ளே என்றால் நடு இரவில் லோ சுகர் வர எல்லா வாய்ப்பும் உண்டு.

தலைசுற்றுகிறது, ஆனால் சுகர் 105.

முதல் இரண்டு வாரமா? மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் குறையும்; இன்சுலின் குறைந்ததும் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகம் வெளியேற்றும். ரத்த அழுத்தம் இறங்கும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அதிகம், அந்த மாத்திரையையும் குறைக்க வேண்டியிருக்கலாம். சுகரோடு அழுத்தத்தையும் அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாங்களாக உப்பைக் கூட்ட வேண்டாம்.

உடற்பயிற்சி செய்தால் இறங்கும் என்றார்கள். எனக்கு ஏறியது.

நடந்தால் இறங்கும். பாரம் தூக்கினாலும், மூச்சு வாங்க ஓடினாலும் அட்ரினலின் கல்லீரலைத் தட்டி எழுப்பும், சுகர் கொஞ்ச நேரம் ஏறும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். பயிற்சியை நிறுத்தாதீர்கள். காய்ச்சல், பல்வலி, மனக்கவலை, மூட்டுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி இவையும் உணவைத் தொடாமலேயே ஏற்றும்.

கையில் ஒட்டும் சென்சார் வாங்கலாமா?

முடிந்தால் இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். அது தரும் பாடம் பெரியது. எந்தச் சாப்பாட்டுக்கு மலை, எதற்குச் சமவெளி என்று கண்ணால் பார்ப்பீர்கள். ஆனால் அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. ரத்தத்துக்கு 5 முதல் 15 நிமிடம் பின்தங்கி வரும். முதல் நாள் எண்களை அதிகம் நம்ப வேண்டாம். அந்தக் கையின்மேல் படுத்துத் தூங்கினால் நடு இரவில் 58 என்று அலறும். திரும்பிப் படுத்ததும் 95க்கு வந்துவிடும். சந்தேகம் வந்தால் விரலில் எடுத்துப் பாருங்கள்.

மீட்டரில் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஹெச்பிஏ1சி எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையே?

முதலில் கணக்கு. ஹெச்பிஏ1சி 6 என்றால் சராசரி சுகர் 126 போல, 6.5க்கு 140, 7க்கு 154. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழும். அதில் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் அதிகம். உணவை மாற்றி ஐந்து வாரத்தில் எடுத்தால் பழைய நாட்களின் சுமையும் அதில் இருக்கும். மூன்று மாதம் பொறுங்கள்.

அதற்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால், நீங்கள் எடுக்காத நேரத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். வழக்கமாக எடுக்கிற நேரத்தை ஒரு வாரம் மாற்றுங்கள். நான் அப்படி மாற்றியபோதுதான் மாலை ஐந்து மணிப் பாலும் "சர்க்கரை இல்லாத" பிஸ்கட்டும் அகப்பட்டன. அந்த பிஸ்கட்டில் சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் இருந்தது. அது சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றினாலும் ஏற்றத்தான் செய்கிறது. போதாததற்கு மாவு வேறு. அதோடு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை ஹெச்பிஏ1சியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். ரத்த இழப்பும், ரத்தம் ஏற்றிக்கொண்டதும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய்களும் குறைத்துக் காட்டும்.

கீட்டோன் 1.2 என்று வந்தது. ஆபத்தா?

மாவுச்சத்து மிகக் குறைந்தவருக்கு 0.5 முதல் 3 மில்லிமோல் வரை இருப்பது அந்த உணவின் இயல்பான விளைவு. இன்சுலின் சுரக்கிற உடம்பு அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும். 3க்கு மேல், அல்லது அதற்குக் கீழேயே இருந்தாலும் வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக வேகமாக மூச்சு, தாங்க முடியாத சோர்வு இருந்தால் சுகர் எண் எதுவாக இருந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். முதல் கேள்வியில் சொன்ன டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் டைப் 1 உள்ளவர்களுக்கும் இதை இரண்டு தடவை சொல்ல விரும்புகிறேன்.

சுகர் வேகமாக இறங்கியதும் பார்வை மங்கலாகிவிட்டதே?

கண்ணின் வில்லையில் உள்ள நீரின் அளவு மாறுவதால் சில வாரம் அப்படி இருக்கும். புதுக் கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். ஆனால் விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவருக்கு, நீண்ட நாள் உயர்ந்திருந்த சுகர் வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாகலாம். ஆகவே உணவை மாற்றும் முன் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கரும்புள்ளி, திரை விழுந்தது போன்ற தோற்றம் வந்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாத்திரையே இல்லாமல் ஹெச்பிஏ1சி 5.9. குணமாகிவிட்டதா?

மனமார்ந்த வாழ்த்துகள். மருந்தை நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் 6.5க்குக் கீழே இருந்தால் அதை நோய் தணிந்த நிலை என்று 2021இல் நீரிழிவு அமைப்புகள் கூடி வரையறுத்தன. குணம் என்ற சொல்லை அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். பழைய உணவுக்குத் திரும்பினால் பழைய எண்கள் திரும்பும். கண், பாதம், சிறுநீரகம் மூன்றையும் வருடம் தவறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாம் சீராகிவிட்டது. இனியும் தினமும் விரலைக் குத்த வேண்டுமா?

லோ சுகர் வரவழைக்கிற மருந்து எதுவும் இல்லை என்றால் தேவையில்லை. நான் இப்போது வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கிறேன். புதிதாக ஒரு பொருள் வீட்டுக்குள் வந்தால் அதைச் சாப்பிட்ட அன்று கட்டாயம் எடுப்பேன். விரலின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறையும். தேதி, நேரம், எண், அதற்கு முன் சாப்பிட்டது என்று நாலு கட்டம் போட்ட சாதாரண நோட்டு போதும். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் மீட்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.